ஆம்புலன்ஸில் கேப்னோகிராபி: எந்தக் கருவி, யாருக்கு?

மானிட்டர் வாங்கப் போகும் ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஈசிஜி, பிபி, எஸ்பிஓ2 (ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு) மூன்றும் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொட்டேஷனில் அதற்குக் கீழே "ஈடிசிஓ2 – ஆப்ஷனல்" என்று ஒரு வரி வரும். வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் வசதி அது. அந்த ஒரு வரிதான் மொத்தத் தொகையைத் தூக்கிவிடும். "இது கட்டாயமா சார்? கலர் மாறுற சின்ன டப்பா ஒண்ணு இருக்கே, அது போதாதா?" என்பது வழக்கமான கேள்வி. கையடக்கமாக ஒன்று வருகிறதாமே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது அடுத்தது.

தனியார் ஆம்புலன்ஸ் நடத்துபவர்கள், அறக்கட்டளை வண்டி வைத்திருப்பவர்கள், சின்ன மருத்துவமனைகளின் ட்ரான்ஸ்ஃபர் டீம், அந்த வண்டிகளில் வேலை பார்க்கும் இஎம்டிகள் (அவசர மருத்துவ உதவியாளர்கள்) ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அங்கே கேப்னோகிராபி, அதாவது அந்த அளவை மூச்சுக்கு மூச்சு திரையில் அலையாக வரைந்து காட்டும் வசதி, இல்லாமல் மயக்க மருத்துவர் வேலையை ஆரம்பிக்க மாட்டார். வண்டியில்தான் பிரச்சினை.

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடம்பின் செல்கள் உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடை ரத்தம் நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது, மூச்சு அதை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் வரும் அளவுதான் ஈடிசிஓ2. ஆரோக்கியமான ஆளுக்கு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். செல், ரத்த ஓட்டம், மூச்சு என்று மூன்றில் எது கெட்டாலும் இந்த எண் அசையும். எஸ்பிஓ2 அப்படியல்ல. ஆக்ஸிஜன் தாராளமாகக் கொடுத்து வைத்திருந்த நோயாளிக்கு மூச்சே நின்றுபோனாலும், அது பல நிமிடங்கள் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். கேப்னோகிராபியில் அடுத்த மூச்சு வராதபோதே கோடு படுத்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் உங்கள் வண்டியில் ஏறுவது யார் என்று பாருங்கள். ஏற்கெனவே மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு ஊர் மாற்றப்படும் நோயாளிகள் அதிகமா, வீட்டிலிருந்து எடுக்கும் மூச்சுத்திணறல், விஷக்கடி, விபத்து கேஸ்கள் அதிகமா? இந்த ஒரு பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, ஒரு தடவை சோதித்தால் போதுமா, தொடர்ந்து பார்க்க வேண்டுமா? ட்யூப் சரியான இடத்தில் போனதா என்ற கேள்விக்கு ஒரு தடவை பார்த்தால் பதில் கிடைக்கும். ஆனால் வண்டியில் ட்யூப் நகர்வது போடும்போது மட்டுமல்ல. கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது நகரும், வண்டியில் ஏற்றும்போது நகரும், வேகத்தடையில் தூக்கிப்போடும்போது நகரும், இறக்கும்போதும் நகரும். என் கணக்கில் மற்ற எல்லா அளவுகோலையும்விட இது கனமானது.

மூன்றாவது, எண் மட்டுமா, அலையும் தெரியுமா? நான்காவது, வண்டியின் நிலைமை: மே மாத வெயிலில் மூடி நிற்கும் வண்டி, அதிர்வு, இரவு வெளிச்சம், சார்ஜ். ஐந்தாவது, ஒவ்வொரு நோயாளிக்கும் தூக்கிப்போட வேண்டிய உதிரிகளின் செலவு. ஆறாவது, அதைப் படிக்கத் தெரிந்த ஆள். கொட்டேஷனில் வராதது இந்த ஆறாவதுதான். அதற்குத் தனியாக வருகிறேன்.

## ஸ்டெதாஸ்கோப்பும் எஸ்பிஓ2வும் மட்டும்

செலவில்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் காற்று போகிறதா, வயிற்றில் சத்தம் வருகிறதா என்று கேட்பதை யாரும் கைவிடக் கூடாது. ட்யூப் ஆழமாக இறங்கி வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போவதைக் காட்டிக்கொடுப்பது ஸ்டெதாஸ்கோப்தான், கேப்னோகிராபி அல்ல.

ஆனால் சைரன் அலறிக்கொண்டு ஓடும் வண்டியில் மூச்சுச் சத்தம் கேட்பது எவ்வளவு லட்சணம் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பருமனான ஆளுக்கு உணவுக்குழாயில் போன காற்றின் சத்தம் நெஞ்சிலும் கேட்கும். ட்யூபில் ஆவி படிவதை நம்புபவர்கள் உண்டு. உணவுக்குழாயில் போன ட்யூபிலும் ஆவி படியும்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ பகுதியில், வெளியில் ட்யூப் போடப்பட்டு வந்த 153 நோயாளிகளைப் பார்த்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. வழி முழுக்க ஈடிசிஓ2 பார்த்துக்கொண்டே வந்தவர்களில் கவனிக்கப்படாமல் தவறான இடத்தில் இருந்த ட்யூப் ஒன்றுகூட இல்லை. அப்படிப் பார்க்காமல் வந்தவர்களில் 23.3 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல, சரி. இருந்தாலும் பூஜ்யத்துக்கும் நான்கில் ஒன்றுக்கும் இடையிலான இந்த தூரத்தைச் சாக்குச் சொல்லிக் கடந்துவிட முடியாது.

ட்யூப், அதற்குப் பதிலாகத் தொண்டையில் வைக்கும் எல்எம்ஏ, ஐ-ஜெல் எதுவுமே புழங்காத, டயாலிசிஸுக்கும் ஸ்கேனுக்கும் ஆள் கொண்டுபோகிற வண்டிக்கு இது போதும். ட்யூப் போட்ட நோயாளியை ஒரே ஒரு முறை ஏற்றினாலும் போதாது.

## நிறம் மாறும் டிடெக்டர்

ட்யூபுக்கும், கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்குக்கும் நடுவில் செருகும் பிளாஸ்டிக் வட்டு. உள்ளே இருக்கும் வேதிப்பொருள் பூசிய தாள் ஊதாவில் ஆரம்பிக்கும். கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும், உள்மூச்சில் திரும்ப ஊதாவாகும். மின்சாரம் வேண்டாம், சூடேற நேரம் வேண்டாம், பாக்கெட்டைக் கிழித்தால் தயார். விலையும் எட்டுகிற விலைதான். தொடக்கச் செலவை மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

சிக்கல் நடுவில் வரும் மங்கலான பழுப்பில்தான். பரவலாகப் புழங்கும் வகையில் ஊதா என்றால் சுமார் 4 மி.மீ.க்குக் கீழே, பழுப்பு 4 முதல் 15, மஞ்சள் 15க்கு மேல். இதயம் நின்ற நோயாளிக்கு ட்யூப் சரியாகவே இருந்தாலும், ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் அளவு பழுப்பிலேயே நிற்கலாம், மிக மோசமானால் ஊதாவிலேயே கிடக்கலாம். அதாவது, நமக்கு அவசரமாகத் தெளிவான பதில் வேண்டிய நேரத்தில்தான் இது இழுத்துப்பேசும். வயிற்றில் சோடா, கோலா இருந்தால் நேர் எதிர்த் தப்பு நடக்கும்: உணவுக்குழாயில் இருக்கும் ட்யூபிலும் முதல் சில மூச்சுக்கு மஞ்சள் வரும். அதனால்தான் ஆறு மூச்சு கொடுத்த பிறகு பார் என்கிறார்கள்.

இரவு நெடுஞ்சாலை ஓரத்தில் இதைப் பிடித்துப் பாருங்கள். சோடியம் விளக்கின் அடியில் எல்லாமே மஞ்சள்தான். ஊதா என்பது ஒருவித அழுக்குச் சாம்பலாகத் தெரியும். மேலே சுழலும் நீல விளக்கு வேறு நொடிக்கொரு தரம் அதன்மேல் அடிக்கும். மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நிலைமை வரும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், பாக்கெட் திறந்தபின் ஆயுள் சில மணி நேரம்தான். ஈரம் பட்டால் அதுவும் குறையும். வாந்தியோ, ட்யூப் வழியாகக் கொடுத்த அட்ரினலினோ தாளில் பட்டால் நிறம் அப்படியே ஒட்டிக்கொண்டு மாறாது. பெரியவர்களுக்கான வட்டின் உள்வெளி சுமார் 25 மி.லி. மூன்று கிலோ பச்சிளம் குழந்தையின் ஒரு மூச்சே ஏறக்குறைய 20 மி.லி.தான். ஆகவே குழந்தைகளுக்குத் தனி வட்டு வாங்கி வைக்க வேண்டும். காலாவதித் தேதி பார்க்காமல் டிராயரில் கிடப்பவை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: மானிட்டர் பழுதானால், சார்ஜ் தீர்ந்தால் கைகொடுக்கும் மாற்று. ஒவ்வொரு வண்டியிலும் பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று இருப்பது நல்லது. இதை மட்டுமே நம்பி மதுரையிலிருந்து சென்னைக்கு ட்யூப் கேஸ் கொண்டுபோவது நல்லதல்ல. அவ்வளவு நேரம் தொடர்ந்து காட்டும் பொருளே இல்லை இது.

## கையடக்கக் கருவி

ட்யூபின் மேலேயே உட்காரும் சின்னப் பெட்டி. மாசிமோ நிறுவனத்தின் எம்மா இதில் பலருக்கும் தெரிந்த பெயர். எடை சுமார் 60 கிராம், இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரி. அடியில் மாட்டும் அடாப்டரை மட்டும் நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டும். எண் மட்டும் காட்டும் மாடலும் உண்டு, சின்னத் திரையில் அலையும் காட்டும் மாடலும் உண்டு. வாங்குவதானால் இரண்டாவதை வாங்குங்கள். விலை வித்தியாசத்துக்காக முதலாவதை எடுத்தவர்கள் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

நல்ல மானிட்டர் ஏற்கெனவே இருந்து, அதில் ஈடிசிஓ2 மாட்யூல் போட வழியில்லை என்றால் இதுவே சரியான பதில். ஆம்பு பேக் மாஸ்க்கின் நடுவிலும் இதைச் செருகலாம். மாஸ்க் ஓரத்தில் கசிந்தால் எண் குறைவாகக் காட்டும். ஆனாலும் காற்று நுரையீரல் வரை போய் வருகிறதா, நிமிடத்துக்கு எத்தனை தடவை அமுக்குகிறோம் என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு கொடுப்பது) செய்யும் குழுக்களைக் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களே சராசரியாக நிமிடத்துக்கு 30 மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ட்யூப் போட்ட பிறகு வேண்டியது 10தான். பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும்.

இதன் பலவீனம், ட்யூபோ மாஸ்க்கோ இல்லாமல் தானாக மூச்சு விடும் நோயாளிக்கு உதவாது. அலை சின்னது, பதிவாகாது; கேஸை ஒப்படைக்கும்போது டாக்டரிடம் காட்டத் தாள் இருக்காது. அப்புறம் இன்னொன்று: அறுபது கிராம் பொருள் எங்கே வேண்டுமானாலும் போய்விடும். அவசரப் பிரிவில் நோயாளியை மாற்றும்போது ட்யூபோடு சேர்ந்து கருவியும் போய்விடுவது நடக்கிற கதைதான். ஒப்படைப்புப் பட்டியலில் இதன் பெயரைக் கட்டாயம் சேருங்கள்.

## மானிட்டரோடு வரும் அலைவரைவு

இதில் இரண்டு ஜாதி.

மெயின்ஸ்ட்ரீம்: சென்சார் ட்யூபின் மேலேயே உட்காரும், ஒயர் மானிட்டருக்கு வரும். பதில் உடனடி. தண்ணீர் தங்கி அடைக்கும் குழாய் கிடையாது. ஆனால் சென்சார் விலை அதிகம். கீழே விழுந்தால் போச்சு, வண்டியில் பொருள் கீழே விழாமல் இருக்காது. ட்யூப் மேல் கனம் தொங்குவதால் குழந்தைகளுக்கு ஜாக்கிரதையாகத் தாங்கிப்பிடிக்க வேண்டும்.

சைட்ஸ்ட்ரீம்: மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி மானிட்டருக்குள் அளக்கிறது. இரண்டு மூன்று நொடி தாமதம் இருக்கும். பெரிய ஆதாயம், மூக்கில் மாட்டும் கானுலா வழியாக, ட்யூப் இல்லாத நோயாளிக்கும் பார்க்கலாம். வாங்கும்போது உறிஞ்சும் அளவைக் கேளுங்கள். மைக்ரோஸ்ட்ரீம் வகை நிமிடத்துக்கு 50 மி.லி.; சாதாரண வகைகள் 150, 200 என்று போகும். பச்சிளம் குழந்தை கேஸ் எடுப்பவர்களுக்கு 50 வகைதான் பொருந்தும்.

நம் பக்கத்து கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுவிரியன் கடித்தவர். கடித்த இடத்தில் வீக்கமில்லை, கண்ணிமை மட்டும் சொக்குகிறது. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டாயிற்று, எஸ்பிஓ2 99. எல்லோருக்கும் நிம்மதி. நெஞ்சுத் தசை மெல்ல மெல்லத் தளர்ந்து, மூச்சு மேலோட்டமாகிக்கொண்டிருப்பது அந்த 99க்குத் தெரியாது. கானுலாவில் பார்த்தால் 42, 48, 55 என்று ஏறும். அல்லது அலைகள் குட்டையாகி, இடைவெளி நீளும். ஆம்பு பேக்கை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். வலிப்பு நிற்க மிடாசோலம் கொடுத்த நோயாளிக்கும் இதே கதைதான். ஆஸ்துமாவில், வழக்கமாகச் சதுரமாக இருக்கும் அலையின் முன்பக்கம் சரிந்து சுறாத் துடுப்பு மாதிரி ஆகும். நெபுலைசேஷன் வேலை செய்தால் மெல்லப் பழைய சதுரத்துக்குத் திரும்பும்.

மறைமுகச் செலவு சைட்ஸ்ட்ரீமில்தான் அதிகம். குழாய் அந்தந்தக் கம்பெனிக்கே உரியது, வேறு ஒன்று பொருந்தாது. பூச்சிமருந்து குடித்தவரின் வாய் நிறைய எச்சிலும் நுரையும் வரும்போது அது ஒரே பயணத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்றுக் குழாய் கையில் இல்லையென்றால் அவ்வளவு விலை கொடுத்த மாட்யூல் சும்மா கிடக்கும். தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாட்டர் ட்ராப் இருக்கும் மாடலில் அதையும் மாற்ற வேண்டும். ஆக்ஸிஜனை வேகமாக வைத்தாலும், வாயால் மூச்சு விட்டாலும் எண் குறையும். அப்போது எண்ணைவிட அலை வருகிறதா, போக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஸ்டெதாஸ்கோப் + எஸ்பிஓ2 | நிறம் மாறும் வட்டு | கையடக்கக் கருவி | மெயின்ஸ்ட்ரீம் மானிட்டர் | சைட்ஸ்ட்ரீம் மானிட்டர் |
|---|---|---|---|---|---|
| ட்யூப் இடம் சோதிக்க | நம்ப முடியாது | சரி. இதயம் நின்றால் குழப்பம் | நன்று | மிக நன்று | மிக நன்று |
| வழி முழுக்கக் கவனிக்க | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| சிபிஆர் தரம் பார்க்க | இல்லை | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| ட்யூப் இல்லாதவருக்கு | எஸ்பிஓ2 மட்டும் | இல்லை | மாஸ்க்கில் மட்டும் | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| எதில் கெடும் | சத்தம் | ஈரம், வாந்தி, வெளிச்சம் | தொலைவது, பேட்டரி | கீழே விழுவது | எச்சில், தண்ணீர் |
| தொடக்கச் செலவு | இல்லை | குறைவு | நடுத்தரம் | அதிகம் | அதிகம் |
| ஓடும் செலவு | இல்லை | கேஸுக்கு ஒன்று | அடாப்டர் மட்டும் | அடாப்டர் மட்டும் | குழாய், கானுலா |

## கொட்டேஷனில் வராத செலவு: ஆட்களின் படிப்பு

கருவி இருந்தும் அதை நம்பாததால் போன உயிர்கள் உண்டு. பிரிட்டனில் 2011இல் வெளியான, மயக்க மருத்துவர்களின் நான்காவது தேசியத் தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாய்ச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் கேப்னோகிராபி பயன்படுத்தாதது ஒரு காரணம் என்று சொன்னது. அதன் பிறகு அங்கே அலை இல்லையென்றால் ட்யூப் தவறான இடம் என்பதையே பிரசாரமாக நடத்தினார்கள்.

அந்தப் பிரசாரம் உடைக்க வந்த தப்பான நம்பிக்கை இங்கேயும் பரவலாக இருக்கிறது: "ஆள் அரெஸ்ட்ல இருக்கார், அதான் கோடு ஃப்ளாட்டா வருது." இல்லை. நெஞ்சை ஒழுங்காக அமுக்கிக்கொண்டிருந்தால் கொஞ்சமாவது ரத்தம் நுரையீரலுக்குப் போகும், சின்ன அலையாவது வரும். மொத்தமாகத் தட்டையாக இருந்தால் ட்யூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒயர் கழன்றதா, குழாய் அடைத்ததா, கடும் ஆஸ்துமா இழுப்பா என்பதெல்லாம் உண்டு. ஆனால் அவற்றைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாது. சந்தேகமிருந்தால் ட்யூபை எடுத்துவிட்டு மாஸ்க்கில் காற்று கொடுப்பதே பாதுகாப்பு.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. சிபிஆரில் 22 என்று வந்தால் "ரொம்பக் கம்மி" என்று பதறுவார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் கேட்டதே குறைந்தது 10, முடிந்தால் 20க்கு மேல். 22 என்றால் அமுக்குபவர் நன்றாக அமுக்குகிறார். அது 12க்கு இறங்கினால் அவர் களைத்துவிட்டார், ஆளை மாற்றுங்கள். திடீரென 40க்குத் தாவினால் இதயம் திரும்பியிருக்கலாம், நாடி பாருங்கள். பைகார்பனேட் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் ஏறும், அதையும் மனதில் வையுங்கள். தலைக்காயத்தில் எண்ணை 35க்குக் கீழே தள்ளிக்கொண்டு போவது மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கும். மூளை பிதுங்கும் அறிகுறி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

இதையெல்லாம் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் சொன்னால் மறுவாரம் மறந்துபோகும். நான் பார்த்ததில் பலிக்கும் முறை மிகச் சுலபமானது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் கானுலாவை ஓர் இஎம்டியின் மூக்கிலேயே மாட்டுங்கள். சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள்: சதுர அலை. அரை நிமிடம் வேகவேகமாக: எண் 25க்குச் சரியும், ஆளுக்கு லேசாகத் தலை சுற்றும், போதும் என்று நிறுத்துங்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள்: கோடு உடனே படுக்கும், பக்கத்தில் எஸ்பிஓ2 சிரித்துக்கொண்டே 98இல் இருக்கும். வண்டி ஓட்டும் பைலட்டையும் கூப்பிட்டு வையுங்கள். ட்யூப் நகர்வது அவர் பிரேக்கில் கால் வைக்கும்போதுதான்.

## யாருக்கு எது

ட்யூப் போட்ட நோயாளிகளை ஊர் விட்டு ஊர் மாற்றுவதே உங்கள் தொழில் என்றால், அலை காட்டும் மானிட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். பணம் இறுகிப் பிடித்தால் அலை காட்டும் கையடக்கக் கருவி. ட்யூப் இல்லாத, மூச்சுத்திணறலும் விஷமும் வலிப்புமாக வரும் கேஸ்கள் அதிகமென்றால் சைட்ஸ்ட்ரீம். அதுவும் வருஷத்துக்கான கானுலா, குழாய் விலையை எழுத்தில் வாங்கிய பிறகு. சைட்ஸ்ட்ரீமுக்குக் குழாய் வாங்கத் தொடர்ந்து பணம் வராது என்று தெரிந்தால், கூச்சப்படாமல் கையடக்கக் கருவிக்குப் போய்விடுங்கள். குழாய் இல்லாமல் மூடி வைத்த மாட்யூலைவிட அது எவ்வளவோ மேல். வட்டு எல்லோருக்கும் வேண்டும், மாற்றாக மட்டும்.

வெளிநாட்டில் ஓடிய பழைய மானிட்டர் மலிவாக வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் அளவு கிலோபாஸ்கலில் வரும். நல்ல மூச்சு விடும் ஆளுக்கே 5 என்று காட்டும், ஏனென்றால் 35–45 என்பது அதில் 4.7–6.0. விஷயம் தெரியாத ஆள் நடுராத்திரியில் அந்த 5ஐப் பார்த்து ட்யூபை உருவிவிடக் கூடும். செட்டிங்கில் மி.மீ. பாதரசத்துக்கு மாற்றி, அலாரத்தின் மேல் கீழ் எல்லைகளையும் சரிபார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.